போஸ்ட்கிரெஸ் ஃபெயிலோவர் சொதப்பும்போது: பேஸ்மேக்கரா, ரெப்எம்ஜிஆரா, பேட்ரோனியா?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் கிளஸ்டருக்கு (ஒரே டேட்டாவை வைத்திருக்கும் கணினிக் கூட்டத்துக்கு) எந்த ஃபெயிலோவர் கருவியை, அதாவது ஒரு கணினி விழுந்தால் இன்னொன்றிடம் பொறுப்பை மாற்றும் கருவியை, போடலாம் என்று கேட்டால், வருகிற பதில் பெரும்பாலும் வசதிகளின் பட்டியலாகத்தான் இருக்கிறது. எத்தனை நொடியில் மாறும், எத்தனை ரெப்ளிகாவை (நகல் கணினியை) தாங்கும், குபர்னெட்டீஸில் ஓடுமா, இப்படி. அதெல்லாம் தேவைதான், ஆனால் எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை எந்தக் கருவியும் நல்ல கருவிதான். மாதக் கடைசி பில்லிங் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரைமரி (டேட்டா எழுதப்படும் முதன்மைக் கணினி) விழுந்து, ஸ்டாண்ட்பை (நகலோடு காத்திருக்கும் கணினி) பொறுப்பேற்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தால், 'ஏன் ஏற்கவில்லை' என்பதற்கு எந்தக் கருவி சீக்கிரம் பதில் சொல்கிறது? நான் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். பழுது பார்க்கிறவரின் பக்கத்திலிருந்து பேஸ்மேக்கர், ரெப்எம்ஜிஆர், பேட்ரோனி மூன்றையும் ஒப்பிடுகிறேன், கூடவே கையால் மாற்றுவதையும் கிளவுடிடம் விட்டுவிடுவதையும் பார்த்துவிடலாம்.

ஃபெயிலோவர் பிரச்சினை என்று வருவதெல்லாம் கிட்டத்தட்ட நான்கு வகைக்குள் அடங்கிவிடும். மாற வேண்டிய நேரத்தில் மாறவில்லை. மாறத் தேவையில்லாதபோது மாறிவிட்டது. மாறியது, ஆனால் பழைய பிரைமரியும் உயிரோடிருந்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டிருக்கிறது. டேட்டாபேஸ் சரியாக மாறிவிட்டது, அப்ளிகேஷன் மட்டும் மாறவில்லை. கருவியை மாற்றுவதா என்று யோசிப்பதற்கு முன்னால் உங்களுடையது இதில் எது என்று தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் நான்காவது வகைக்குக் கருவியை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

முதலில் அப்ளிகேஷன் பக்கம்

அந்த நான்காவதை முதலில் தீர்த்துவிடலாம். 'ஃபெயிலோவர் ஆக கால் மணி நேரம் ஆனது' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வருவது லினக்ஸ் கர்னலின் மீதுதான். பிரைமரி கணினிக்கு மின்சாரம் போய்விட்டது என்று வையுங்கள், அது இணைப்பை முறையாக மூடிவிட்டுச் சாகவில்லை, சத்தமில்லாமல் போய்விட்டது. அப்ளிகேஷன் அனுப்பிய பாக்கெட்டுக்குப் பதில் வராததால் கர்னல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். டிசிபி ரீட்ரைஸ் 2 என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 15, அதன்படி கைவிடுவதற்குள் ஏறத்தாழ 924 நொடி, அதாவது 15 நிமிடத்துக்கும் மேல் ஓடிவிடும். எதுவும் அனுப்பாமல் பதிலுக்காக மட்டும் காத்திருக்கும் இணைப்பு இதைவிட மோசம், மறுமுனை உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் போட்டிருந்தாலும் அதன் முதல் சோதனையே இயல்பாக 7200 நொடி கழித்துத்தான் போகும். இத்தனைக்கும் ஸ்டாண்ட்பை அரை நிமிடத்தில் பிரைமரியாகி சும்மா காத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து கிளையன்ட் பக்கத்தில்தான் இருக்கிறது. கீப்அலைவ் நேரங்களைக் குறைப்பது, போஸ்ட்கிரெஸ் 12இல் அதன் கிளையன்ட் நூலகமான லிப்பிக்யூவுக்கு வந்த டிசிபி யூசர் டைம்அவுட்டைப் போடுவது, ஜாவா என்றால் சாக்கெட் டைம்அவுட். இணைப்பு முகவரியில் எல்லா ஹோஸ்டையும் கொடுத்துவிட்டு, எழுத அனுமதிக்கும் சர்வர் மட்டும் வேண்டும் என்று சொல்லும் வசதி போஸ்ட்கிரெஸ் 10 முதலே இருக்கிறது, அதையும் பலர் பயன்படுத்துவதில்லை. நடுவில் இணைப்புகளைச் சரியான சர்வருக்குத் திருப்பிவிடும் ஹெச்ஏபிராக்ஸி இருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஒரு சர்வர் 'டவுன்' என்று குறிக்கப்படும்போது அதன் மேல் ஏற்கெனவே இருக்கும் இணைப்புகளை வெட்டச் சொல்லும் ஆன் மார்க்டு டவுன் வரி இருக்கிறதா? அது இல்லையென்றால் புதிய இணைப்புகள் மட்டும்தான் புதிய பிரைமரிக்குப் போகும், பழையவை பழைய கணினியையே பிடித்துக்கொண்டு நிற்கும். லாக்கில் (பதிவுக் கோப்பில்) பாதி வேண்டுகோள் வெற்றி, பாதி பதில் வராமல் தொங்குகிறது என்று கலந்து வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதைச் சரிசெய்துவிட்டு மறுபடி சோதித்தும் பிரச்சினை தீரவில்லையென்றால், அப்புறம் கருவியைப் பற்றிப் பேசலாம்.

பேஸ்மேக்கர்

மூன்றில் மூத்தது, பொதுநோக்குக் கருவி. கணினிகளுக்கிடையே தகவல் பரிமாறும் கோரோசிங்கோடு சேர்ந்து எந்தச் சேவையையும் கிளஸ்டராக்கும், போஸ்ட்கிரெஸ் அதற்கு இன்னொரு ரிசோர்ஸ் மட்டும்தான். இதன் பெரிய பலம் ஃபென்சிங். சந்தேகத்துக்குரிய கணினிக்கு, தொலைவிலிருந்து கணினியை அணைக்க உதவும் ஐபிஎம்ஐ வழியாக மின்சாரத்தையே துண்டித்துவிட்டுத்தான் அடுத்ததை பிரைமரியாக்கும். அதை ஒழுங்காக அமைத்துவிட்டால் இரண்டு பிரைமரி என்கிற மூன்றாவது வகை நோய் கிட்டத்தட்ட வராது என்றே சொல்லலாம், அந்த விஷயத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது.

ஆனால் 'ஏன் மாறவில்லை' என்ற கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 2017 அக்டோபர் 10 அன்று கோகார்ட்லெஸ் என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். பிரைமரியின் டிஸ்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலர் பழுதானது, பேஸ்மேக்கர் ஸ்டாண்ட்பையை பிரைமரியாக உயர்த்தியிருக்க வேண்டும், உயர்த்தவில்லை. கிளஸ்டர் மேலாளரை ஒதுக்கிவைத்துவிட்டுக் கையால் உயர்த்த வேண்டிவந்தது, சேவை திரும்ப 1 மணி 50 நிமிடம் ஆனது. பிறகு சோதனைக் கிளஸ்டரில் அதே நிலைமையை உருவாக்கிப் பார்த்தபோது காரணம் ஒன்றல்ல, மூன்று என்று தெரிந்தது. பேக்கப் வேலைக்காக வைத்திருந்த விர்ச்சுவல் ஐபி (கணினி விட்டுக் கணினி மாறக்கூடிய முகவரி) பிரைமரியோடு ஒரே கணினியில் இருக்கவே கூடாது என்ற விதி, ரிசோர்ஸ்களை இருக்கும் இடத்திலேயே ஒட்டவைக்கும் ஸ்டிக்கினஸ் எண், அதோடு சின்க்ரனஸ் ரெப்ளிகாவில் (பிரைமரியோடு உடனுக்குடன் ஒத்துப்போகும் நகலில்) அதே நேரத்தில் போஸ்ட்கிரெஸின் உள்பிராசஸ் ஒன்று கிராஷ் ஆனது. இதில் எந்த ஒன்றும் தனியாக இருந்தால் தப்பில்லை, மூன்றும் சேர்ந்தபோதுதான் கிளஸ்டர் முடிவெடுக்க முடியாமல் நின்றது.

பேஸ்மேக்கரின் குணமே இதில் தெரிகிறது. விதிகளும் மதிப்பெண்களும் சேர்ந்து எடுக்கும் முடிவு அது. பதில் உள்ளே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்: ஒவ்வொரு முடிவுக்கும் உள்ளீடாக இருந்த நிலையைக் கோப்பாகச் சேமித்துவைக்கும், அதை பேஸ்மேக்கரின் சிஆர்எம் சிமுலேட் கட்டளையில் கொடுத்தால் எந்தக் கணினிக்கு என்ன மதிப்பெண் விழுந்தது என்று மறுபடி ஓட்டிக் காட்டும். மூன்று கருவிகளில் இவ்வளவு முழுமையாகப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி வேறெதிலும் இல்லை. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது வேண்டும், அவர் விடுப்பில் இருக்கும்போது இன்னொருவரும் வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களில் பேஸ்மேக்கர்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். ஐபிஎம்ஐ அட்டை அதே கணினியின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, கணினிக்கு மின்சாரம் முழுதாகப் போனால் ஐபிஎம்ஐயும் போய்விடும், ஃபென்சிங் கட்டளைக்குப் பதில் வராது. கணினி செத்துவிட்டது என்று உறுதி கிடைக்காததால் கிளஸ்டர் காத்துக்கொண்டே இருக்கும், யாராவது நேரில் பார்த்து 'ஆமாம், அணைந்துவிட்டது' என்று பிசிஎஸ் கட்டளையில் உறுதிசெய்யும் வரை. அதனால்தான் பவர் ஸ்ட்ரிப் வழி இரண்டாம் ஃபென்சிங்கும் வைக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று, போஸ்ட்கிரெஸை பேஸ்மேக்கருக்காக எழுப்பி நிறுத்தும் பழைய பிஜிஎஸ்க்யூஎல் ரிசோர்ஸ் ஏஜென்ட் பிரைமரியில் ஒரு பூட்டுக் கோப்பை வைத்துவிடும். பிரைமரி முறையாக நிற்காமல் விழுந்தால் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும், கணினி திரும்பி வந்தாலும் அதை நீக்கும்வரை போஸ்ட்கிரெஸை ஏஜென்ட் எழுப்பாது. 'உன் டேட்டா முரண்பட்டிருக்கலாம்' என்று எச்சரிப்பதற்காகவே வைத்த ஏற்பாடு அது. கோப்பை மட்டும் அழித்துவிட்டு, ரெப்ளிகேஷனை மறுபடி அமைக்காமல் எழுப்புகிறவர்கள்தான் அடுத்த வாரம் கஷ்டப்படுகிறார்கள்.

ரெப்எம்ஜிஆர்

மூன்றில் எளிமையானது, புரிந்துகொள்ளவும் சுலபம். எட்சிடி (கிளஸ்டர் நிலையைப் பல கணினிகளில் பொதுவாகச் சேமிக்கும் சேவை), கோரோசிங் எதுவும் வேண்டாம், கிளஸ்டர் பற்றிய விவரத்தை போஸ்ட்கிரெஸ் அட்டவணைகளிலேயே வைத்துக்கொள்ளும். தானாக மாற்றும் வேலையை ரெப்எம்ஜிஆர்டி என்ற டீமன் (பின்னணி நிரல்) ஒவ்வொரு கணினியிலும் ஓடிப் பார்த்துக்கொள்ளும். இயல்பாக 10 நொடி இடைவெளியில் 6 முறை பிரைமரியைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த முடிவுக்குப் போகும்.

மாறவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் குறைவு, அந்த வகையில் இது எனக்குப் பிடிக்கும். ஃபெயிலோவர் அமைப்பின் இயல்பு மதிப்பே 'மேனுவல்' என்பதால் அதை ஆட்டோமேட்டிக் என்று மாற்றாமல் விட்டிருப்பார்கள். அல்லது உயர்த்தும் கட்டளையில் முழுப் பாதை இல்லாததால் டீமனுக்கு அந்தக் கட்டளையே கிடைக்காது.  சிலர் உயர்த்தும் கட்டளையில் ரெப்எம்ஜிஆரின் சொந்தக் கட்டளையைப் போடாமல் நேரடியாக போஸ்ட்கிரெஸின் பிஜி சிடிஎல் கட்டளையைப் போட்டுவிடுவார்கள், போஸ்ட்கிரெஸ் உயர்ந்துவிடும் ஆனால் ரெப்எம்ஜிஆரின் அட்டவணையில் பழைய கணினியே பிரைமரி என்று இருக்கும், மற்ற ஸ்டாண்ட்பைகள் குழம்பிப்போகும். லாக்கைத் திறந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடியவைதான் இவையெல்லாம்.

பிரச்சினை மூன்றாவது வகையில். ரெப்எம்ஜிஆருக்குச் சொந்தமாக ஃபென்சிங் கிடையாது. விழுந்த பிரைமரி ஒரு மணி நேரம் கழித்து ரீபூட் ஆகி வந்தால், தான்தான் பிரைமரி என்ற நினைப்போடு எழுதத் தயாராகிவிடும், தடுக்க யாருமில்லை. கிளஸ்டர் ஷோ கட்டளையில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வரும், அதைப் பார்க்க ஆள் இருந்தால் சரி. இரண்டே கணினி, விட்னஸ் (ஓட்டுப் போட மட்டும் வைக்கும் சாட்சிக் கணினி) இல்லை, இரண்டும் ஒரே லொகேஷன் என்று அமைத்திருந்தால் நடுவில் கேபிள் பிடுங்கியதற்கே ஸ்டாண்ட்பை தன்னை உயர்த்திக்கொள்ளும். விட்னஸ், லொகேஷன், பிரைமரி தெரிகிறதா என்று மற்ற ஸ்டாண்ட்பைகளிடமும் கேட்டுக்கொள்ளும் அமைப்பு என்று மாற்று இருக்கிறது, தனிமைப்பட்ட பிரைமரி தானே நிற்பதற்குக் கட்டளையும் எழுதி வைக்கலாம், ஆனால் எழுத வேண்டியவர் நீங்கள். அப்படி எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுதான் பின்னால் பழுது பார்க்கும்போது முதல் சந்தேகத்துக்குரிய ஆளாக நிற்கும். கோடு சேமிப்புத் தளமான கிட்லேப் தன் ஆம்னிபஸ் தொகுப்பில் 14.0 பதிப்போடு, 2021இல், ரெப்எம்ஜிஆர் ஆதரவை நிறுத்திவிட்டு பேட்ரோனிக்குப் போனது, அதை நான் ஒரு முக்கியமான அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பேட்ரோனி

ஸலாண்டோ நிறுவனத்தில் வளர்ந்த பைத்தான் நிரல். இதன் அடிப்படை யோசனை ஒரே வரி: எட்சிடியில் இருக்கும் லீடர் கீயை யார் பிடித்திருக்கிறாரோ அவர்தான் பிரைமரி, 30 நொடிக்குள் புதுப்பிக்க முடியாவிட்டால் கீ காலாவதி, பிரைமரி தானாகவே எழுதுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். விதி ஒன்றுதான் என்பதால் பழுது பார்க்கும்போது கேள்வியும் ஒன்றுதான்: கீ யாரிடம் இருந்தது, ஏன் கை மாறியது அல்லது ஏன் மாறவில்லை? பேட்ரோனிசிடிஎல் லிஸ்ட் என்று தட்டினால் யார் லீடர், யார் எந்த டைம்லைனில் (ஸ்டாண்ட்பை உயர்த்தப்படும் ஒவ்வொரு முறையும் கூடும் எண்), எவ்வளவு பின்தங்கி என்று ஒரே அட்டவணையில் வந்துவிடும், ஹிஸ்டரி என்று தட்டினால் இதுவரை நடந்த மாற்றங்கள். லாக்கிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி, ஏறக்குறைய மனிதர் பேசுவதுபோல.

மாறவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். பிரைமரி கணினி நன்றாக இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் மட்டும் கிராஷ் என்றால், பேட்ரோனி அதை அதே இடத்தில் எழுப்பத்தான் முதலில் முயலும். அதற்கு இயல்பாக 300 நொடி அவகாசம் தருகிறது, பெரிய டேட்டாபேஸில் கிராஷ் ரிகவரி மெதுவாக ஓடினால் ஐந்து நிமிடம் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது பிழை இல்லை, அமைப்பு, குறைக்கலாம். இரண்டாவது, அசின்க்ரனஸ் ரெப்ளிகா (சற்றுப் பின்னால் தொடரும் நகல்) லீடரின் கடைசி நிலையைவிட 1 எம்பிக்கு மேல் பின்தங்கியிருந்தால் அதைத் தேர்தலிலேயே நிற்கவிடாது. எழுதும் வேலை அதிகமுள்ள டேட்டாபேஸில் 1 எம்பி என்பது கண்சிமிட்டும் நேரம்தான். இந்த எண்ணை உயர்த்துவது என்றால் அவ்வளவு டேட்டாவை இழக்கத் தயார் என்று நிர்வாகம் ஒப்புக்கொள்வதற்குச் சமம், அதை டேட்டாபேஸ் நிர்வாகி தனியாக முடிவுசெய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பேட்ரோனியின் உண்மையான தலைவலி இரண்டாவது வகை, காரணமில்லாமல் மாறுவது, அதன் வேர் பெரும்பாலும் எட்சிடியில் இருக்கும். எட்சிடி தான் எழுதும் ஒவ்வொன்றையும் டிஸ்கில் உறுதிசெய்துவிட்டுத்தான் (இதுதான் எஃப்சிங்க்) நகரும், அதன் தேர்தல் காலக்கெடு இயல்பாக 1000 மில்லி நொடி. செலவைக் குறைக்க எட்சிடியை டேட்டாபேஸ் இருக்கும் அதே டிஸ்கில் வைத்துவிடுவார்கள், நினைவகத்தில் உள்ள மாற்றங்களை மொத்தமாக டிஸ்கில் எழுதும் ஒரு பெரிய செக்பாயின்ட் வந்து டிஸ்க் திணறும்போது எட்சிடியின் எஃப்சிங்க் தாமதமாகி, அங்கே தலைமை மாறி, பேட்ரோனி கீயைப் புதுப்பிக்க முடியாமல் 'எட்சிடியை அணுக முடியவில்லை, நான் லீடராக இருந்தேன், அதனால் இறங்குகிறேன்' என்ற அர்த்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நல்ல பிரைமரியை இறக்கிவிடும். நூற்றுக்கு 99 எஃப்சிங்க் 10 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும் என்பது எட்சிடிக்காரர்களே சொல்லும் அளவு, அந்த மெட்ரிக்கை வரைபடமாக வைத்திருந்தால் பேட்ரோனி மர்மங்களில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். மூன்று எட்சிடியில் இரண்டு போய்விட்டால் டேட்டாபேஸ் எல்லாம் நன்றாக இருந்தும் கிளஸ்டர் முழுவதும் எழுத முடியாத நிலைக்குப் போகும். 2023இல் 3.0 பதிப்போடு வந்த ஃபெயில்சேஃப் முறை இதற்குத்தான்: எல்லா உறுப்பினர்களையும் நேரடியாகத் தொடர்புகொள்ள முடிந்தால் லீடர் தொடரும். இயல்பாக அணைத்தே இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வாட்ச்டாக், தொடர்ந்து தட்டப்படாவிட்டால் கணினியையே ரீபூட் செய்துவிடும் சாதனம். பேட்ரோனி பிராசஸே தொங்கிப்போனால் பிரைமரியை யார் இறக்குவது? அதற்குத்தான் அது. ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற இயல்பு நிலையில், வாட்ச்டாக் சாதனத்துக்கு போஸ்ட்கிரெஸ் பயனருக்கு அனுமதி இல்லையென்றால் பேட்ரோனி வாட்ச்டாக் இல்லாமலே ஓடத் தொடங்கிவிடும். பணம் புழங்கும் டேட்டாபேஸ் என்றால் 'ரெக்கொயர்டு' என்று வையுங்கள்.

மாறியதே தப்பாகப் போகும்போது

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் நடந்தது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் அதன் ஃபெயிலோவர் கருவி ஆர்க்கெஸ்ட்ரேட்டரும் என்றாலும் இந்த மூன்றுக்கும் பொருந்தும். பழுதடைந்த 100 ஜி ஆப்டிகல் சாதனத்தை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் 43 நொடி இணைப்பு அறுந்தது. ஆர்க்கெஸ்ட்ரேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்து மேற்குக் கரைக்கு மாற்றியது, ஆனால் கிழக்கில் சில நொடியில் எழுதிய பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேராமல் நின்றுவிட்டன, மிகவும் பரபரப்பான கிளஸ்டர் ஒன்றில் மட்டும் அப்படி 954 பதிவுகள். சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. பிறகு அவர்கள் செய்த முதல் மாற்றங்களில் ஒன்று, ஒரு வட்டாரத்தைத் தாண்டித் தானாக உயர்த்தக்கூடாது என்று ஆர்க்கெஸ்ட்ரேட்டருக்குக் கட்டுப்பாடு போட்டது.

எந்தக் கருவியானாலும் தானியங்கி ஃபெயிலோவரின் எல்லையை நீங்களே வரைய வேண்டும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே டேட்டா சென்டருக்குள் தானாக மாறட்டும், சென்னையிலிருந்து மும்பைக்கு மாறுவது ஒரு மனிதரின் முடிவாக இருக்கட்டும். இரண்டு பிரைமரி ஆகிவிட்டது என்று சந்தேகம் வந்தால் முதலில் இரண்டு பக்கமும் பிஜி கன்ட்ரோல்டேட்டா ஓட்டி டைம்லைன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பழைய பிரைமரியின் டேட்டா டைரக்டரியை அப்படியே பிரதி எடுங்கள், அதற்கப்புறம்தான் பழைய பிரைமரியைப் புதியதோடு ஒத்துப்போகச் செய்யும் பிஜி ரீவைண்ட். ரீவைண்ட் பிரிந்துபோன பதிவுகளை அழித்துவிடும், அவற்றில் யாரோ ஒரு வாடிக்கையாளர் கட்டிய பணம் இருக்கலாம். ரீவைண்ட் வேலை செய்ய டேட்டா செக்சம் அல்லது வால் லாக் ஹின்ட்ஸ் என்ற அமைப்பு (வால், WAL, என்பது மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு) முன்பே போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முழு நகலையும் மறுபடி எடுக்கும் பேஸ் பேக்கப்தான்.

அப்படியென்றால் எது?

மூன்று கணினிக்கு மேல், லினக்ஸ் தெரிந்த இரண்டு மூன்று பேர் என்றால் பேட்ரோனி, தயங்கவே வேண்டாம். எட்சிடியைத் தனி டிஸ்கில், முடிந்தால் தனிக் கணினிகளில் வையுங்கள். ஷேர்டு ஸ்டோரேஜ் வைத்து ஓடும் பழைய அமைப்பு, ஏற்கெனவே பேஸ்மேக்கர் தெரிந்தவர்கள், ஃபென்சிங் சோதித்து நிரூபித்தது என்றால் அதை விட்டு ஓட வேண்டிய அவசியமில்லை, விதிகளின் எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள். ஃபென்சிங்கை அணைத்துவிட்டு பேஸ்மேக்கர் ஓட்டுகிறீர்கள் என்றால் அது மூன்றிலும் மோசமான நிலை, உடனே மாற்றுங்கள்.

இரண்டே கணினி, ஒரே ஒரு நிர்வாகி, பத்து நிமிடம் நின்றால் தாங்கும் வேலை என்றால் ரெப்எம்ஜிஆர் போட்டு ஃபெயிலோவரை மேனுவலிலேயே விட்டுவிடுவதைத்தான் பரிந்துரைப்பேன். தப்பாக மாறிய தானியங்கியைச் சரிசெய்ய ஒரு நாள் ஆகும், எச்சரிக்கை வந்து ஒருவர் எழுந்து ஒரு கட்டளை தட்டப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தக் கட்டளைகள் காகிதத்தில் எழுதி, பழகி, எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பது ப்ராம்ப்டிலேயே நிறத்தோடு தெரியும்படி இருக்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப்பில் ரெப்ளிகேஷனைச் சரிசெய்யும் முயற்சியில் ஸ்டாண்ட்பைக்குப் பதில் பிரைமரியின் டேட்டா டைரக்டரி அழிக்கப்பட்டு, சுமார் ஆறு மணி நேர டேட்டா திரும்பாமலே போனது, களைத்துப்போன நேரத்தில் கையால் வேலை செய்தால் யாருக்கும் நடக்கக்கூடியது.

டேட்டாபேஸைப் பார்க்க ஆளே இல்லை என்றால் அமேசான் ஆர்டிஎஸ் மல்டி ஏஇசட் போன்ற, கிளவுட் நிறுவனமே நடத்தித்தரும் டேட்டாபேஸ் சேவைகள் நியாயமான வழி. ஃபெயிலோவருக்கு வழக்கமாக 60 முதல் 120 நொடி என்று அவர்களே சொல்கிறார்கள். ஏன் மாறியது என்று தோண்டிப் பார்க்கும் உரிமை உங்களிடம் இருக்காது, நிகழ்வுப் பட்டியலில் வரும் ஒரு வரிதான் கிடைக்கும். அப்ளிகேஷன் பக்கப் பிரச்சினைகள் அப்படியே உங்களோடு வரும், கூடவே டிஎன்எஸ் பதிலை நீண்ட நேரம் பிடித்துவைத்திருக்கும் ஜாவா பிராசஸ்களும்.

ரெப்எம்ஜிஆரிலிருந்து பேட்ரோனிக்குப் போக முடிவெடுத்தால் டேட்டாவை மறுபடி உருவாக்க வேண்டியதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் டைரக்டரியையே பேட்ரோனி ஏற்றுக்கொள்ளும். முதலில் எல்லாக் கணினியிலும் ரெப்எம்ஜிஆர்டியை நிறுத்தி நீக்குங்கள், ஒரு கிளஸ்டருக்கு இரண்டு மேலாளர் கூடாது. அப்புறம் லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் போஸ்ட்கிரெஸ் சேவை தானாகத் தொடங்குவதை முடக்குங்கள். இதை மறந்தால் கணினி ரீபூட் ஆகும்போது பேட்ரோனி எழுவதற்கு முன்பே சிஸ்டம்டி பழைய பிரைமரியை எழுத அனுமதிக்கும் நிலையிலேயே எழுப்பிவிடும். முடித்த பிறகு சோதனையில் கில் கட்டளையோடு நிறுத்தாதீர்கள்: பிராசஸை சிக்ஸ்டாப் கொடுத்து உறையவையுங்கள், ஐபி டேபிள்ஸ் ஃபயர்வால் விதி போட்டு நெட்வொர்க்கை ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள், வால் இருக்கும் டிஸ்கை நிரப்புங்கள், கடைசியாக மின்சாரத்தைப் பிடுங்குங்கள், ஒவ்வொரு முறையும் அமைப்பை வடிவமைத்தவரைத் தவிர வேறொருவரிடம் லாக்கைக் கொடுத்து என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள்.